முழங்கால் தண்ணியில ஒரு நிழல்: பெலீஸ் தீவில் ஃப்ளை ஃபிஷிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

பெலீஸ் போய் மீன் பிடிச்சேன்னு ஒரு வரி சொன்னதுக்கு இன்பாக்ஸ் நிரம்பிடுச்சு. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலயே விடறதுன்னா, அதை எதுக்குப் பிடிக்கணும்?" நியாயமான கேள்வி. அதுக்கு வரேன். ஆனா இது என்ன மாதிரி மீன்பிடிப்புன்னு தெரியாம பதில் சொன்னா அது அந்தரத்துல நிக்கும். அதனால முதல்ல கம்பு, கயிறு, கடல்.

இடத்தைச் சொல்லிடறேன். பெலீஸ், மத்திய அமெரிக்காவுல மெக்சிகோவுக்குக் கீழே, கரீபியன் கடலை ஒட்டின சின்ன நாடு. 1981 வரைக்கும் பிரிட்டிஷ் வசம் இருந்தது, அதனால ஆட்சிமொழி ஆங்கிலம். அதோட பெரிய தீவு ஆம்பர்கிரிஸ் கீ, அதுல இருக்கிற ஊர் சான் பெட்ரோ. ஊருக்குள்ள காரை விட கோல்ஃப் கார்ட்தான் அதிகம். நான் ஆபீஸ் வேலையா ஹூஸ்டன்ல சில மாசம் இருந்தப்போ, அங்க இருக்கிற என் காலேஜ் நண்பன் இழுத்துட்டுப் போனான். அங்கிருந்து விமானத்துல ரெண்டரை மணி நேரம்தான்.

தீவோட கிழக்குப் பக்கம் பவளப்பாறைத் தொடர். கரையில நின்னாலே அலை அதுமேல உடையறது வெள்ளைக் கோடாத் தெரியும். சுற்றுலா வர்றவங்க பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நமக்கு வேண்டியது மேற்குப் பக்கம். அங்க கடல் ஏதோ ஏரி மாதிரி இருக்கும். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், அடியில வெள்ளை மணல், நடுநடுவுல கடற்புல், ஓரத்துல அலையாத்தி மரங்கள். இந்த மாதிரி ஆழமில்லாத பரப்புக்கு ஃப்ளாட்ஸ்னு பேர். கடல் ஏறும்போது மீன் இங்க மேய வரும், வத்தும்போது ஆழத்துக்குத் திரும்பும். நாங்க தேடிப் போனது போன்ஃபிஷ். அந்தப் பக்கத்துல பெரும்பாலும் ஒரு கிலோ சுத்தி இருக்கும், கூட்டமா வரும். முதல்முறை பிடிக்கறவங்களுக்கு ஏத்த மீன்னு சொல்வாங்க. ஏத்த மீன்னா சுலபமான மீன்னு அர்த்தம் இல்லை.

சரி, ஃப்ளை ஃபிஷிங்ல என்னதான் வித்தியாசம்? நம்ம ஊர்ல தூண்டில் போட்டிருப்பீங்க, இல்லைன்னா பார்த்திருப்பீங்க. தங்கூஸ் நரம்போட முனையில ஈயக்குண்டு. வீசினா குண்டு பறக்கும், நரம்பு அது பின்னாடியே போகும். ஃப்ளை ஃபிஷிங்ல இது தலைகீழ். முனையில இருக்கிறது நூலும் முடியும் சுத்தின ஒரு சின்ன கொக்கி, அதுதான் ஃப்ளை. தூரமா வீசற அளவுக்கு அதுல எடை கிடையாது. எடை முழுக்க கயிறுலதான் இருக்கு. அதுக்காகவே தடிமனா, பிளாஸ்டிக் பூச்சு போட்டு செஞ்ச கயிறு. நான் பயன்படுத்தினது 8-வெயிட் கயிறு. இந்த எண்ணுக்கு ஒரு தர அளவு இருக்கு: கயிறோட முதல் 30 அடி சுமார் 13.6 கிராம் இருக்கணும். நீங்க வீசறது அந்த 13 கிராமைத்தான். ஃப்ளை அதோட ஒட்டிக்கிட்டுப் போற பயணி.

சாட்டை சொடுக்கறதைப் பார்த்திருப்பீங்கல்ல, ஏறக்குறைய அதே இயற்பியல். 9 அடிக் கம்பு ஒரு ஸ்பிரிங். பின்னாடி வீசறீங்க, கயிறு முழு நீளத்துக்கும் பின்னால விரியுது. அந்த நேரத்துல முன்னாடி தள்ள ஆரம்பிச்சா கயிறோட எடைக்குக் கம்பு வளையும். சட்டுனு நிறுத்தினா வளைஞ்ச கம்பு நிமிர்ந்து கயிறை முன்னாடி தள்ளும். சூட்சுமம் அந்த நிறுத்தத்துலயும், அதுக்கு முன்னாடி இருக்கிற காத்திருப்புலயும்தான். பின்னாடி கயிறு விரியறதுக்குள்ள முன்னாடி தள்ளினா, கம்புக்கு வளைய எடையே கிடைக்காது. கயிறு காலடியில நூடுல்ஸ் மாதிரி குவியும். கோடு எழுதறவங்களுக்கு இது பழகின வலி: முதல் ஃபங்ஷன் முடியறதுக்குள்ள அடுத்ததைக் கூப்பிட்ட மாதிரி. நீளம் கூடக்கூட காத்திருப்பும் கூடணும். கையில பலம் இருக்கிறவங்கதான் இதுல அதிகம் திணறுவாங்கன்னு எங்க கைடு சொன்னார். நான் பார்த்த வரைக்கும் அது உண்மை. ஜிம் போற என் நண்பனுக்கு இது வர எனக்கு ஆனதை விட ஒரு நாள் கூடுதலாச்சு. (இதை எபிசோட்ல சொல்ல அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன்.)

ஆத்துல ட்ரவுட் மீனுக்கு இந்தக் கலையைச் சொல்லித் தர்றவங்க, கடிகார முகத்தைக் கற்பனை பண்ணி 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல கம்பை ஆட்டச் சொல்வாங்க. கடலுக்கு அது பத்தாது. இங்க காத்து நிக்காம அடிக்கும், தூரமும் அதிகம் வேணும். அமெரிக்காவைச் சேர்ந்த லெஃப்டி க்ரே, 1925-ல பிறந்து 2018-ல மறைஞ்சவர், அந்தக் கடிகாரக் கணக்கை விட்டுட்டு கம்பை இன்னும் பின்னாடி கொண்டுபோய் நீளமா வீசுங்கன்னு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். கடல்ல ஃப்ளை ஃபிஷிங் பத்தி 1974-ல அவர் எழுதின புத்தகத்தை இன்னும் தேடிப் படிக்கறாங்க.

வீசறது இவ்வளவுதான். வீட்டுப் பக்கத்துப் புல்வெளியிலயே பழகிடலாம். புல்வெளியில பழக முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு: பார்க்கறது.

படகுல நாம முன்பக்கம் நிப்போம். கைடு பின்னாடி ஒரு மேடையில ஏறி நின்னு நீளக் கழியால தள்ளிட்டு வருவார். மோட்டார் போட்டா மீன் ஓடிடும். படகோட மூக்கு 12 மணி. "11 மணி, 40 அடி, இடது பக்கமாப் போகுது"ன்னு அவர் சொல்வார். நாம பார்ப்போம். தண்ணி இருக்கும். அவ்வளவுதான். முதல் நாள் பூரா அவர் சொல்ற இடத்துல எனக்குத் தண்ணிதான் தெரிஞ்சது.

காரணம் எளிமையானது. போன்ஃபிஷோட செதில் கண்ணாடி மாதிரி, சுத்தி இருக்கிற மணலையும் புல்லையும் அப்படியே பிரதிபலிக்கும். அதனால மீனைத் தேடக்கூடாது, நிழலைத் தேடணும். மீன் கண்ணாடியா இருக்கலாம், மணல்ல விழற அதோட நிழல் கண்ணாடி இல்லையே. போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கிட்டு, தண்ணியோட மேற்பரப்பைப் பார்க்காம அடியைப் பார்க்கணும். எல்லாம் காத்துல ஒரு திசையில அசையும்போது, எதிர்த் திசையில நகர்ற ஒரு கறை தெரிஞ்சா அதுதான். சில சமயம் மேற்பரப்புல ஒரு இடம் மட்டும் வேற மாதிரி சிலிர்க்கும், அடியில கூட்டம் போகுதுன்னு அர்த்தம். இன்னும் ஆழம் கம்மியான இடத்துல மீன் தலையைக் கீழே குத்தி நண்டைத் தோண்டும்போது வால் வெளியே எட்டிப் பார்க்கும், வெயில்ல வெள்ளித் தகடு மாதிரி மின்னும். ரெண்டாம் நாள் மதியம் முதல் நிழல் என் கண்ணுக்குப் பட்டது. அதுக்கப்புறம் எங்க பார்த்தாலும் நிழலாத் தெரிஞ்சது. பாதி கடற்புல்லோட நிழல், ஆனாலும் சந்தோஷமா இருந்தது.

பார்த்த பிறகு உங்களுக்குக் கிடைக்கறது சில நொடிகள்தான். மீன் தலைமேல ஃப்ளையைப் போட்டா மொத்தக் கூட்டமும் சிதறிடும். அது போற வழியில, சில அடி முன்னாடி போட்டுட்டுக் காத்திருக்கணும். கிட்ட வந்ததும் இடது கையால கயிறைச் சின்னச் சின்னதா இழுக்கணும். இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம்: ஃப்ளை எந்தத் திசையில நகருதுங்கறது முக்கியம். நிஜ நண்டோ இறாலோ தன்னைத் தின்ன வர்ற மீனை நோக்கி ஓடாது, விலகித்தான் ஓடும். உங்க ஃப்ளை மீனைப் பார்த்து வந்துச்சுன்னா அதுக்குச் சந்தேகம் வந்துடும். அதனால எந்தக் கோணத்துல நின்னு வீசறோம்ங்கறதே பாதி வேலை.

மீன் கடிச்சதும் ஊர்ப் பழக்கம் என்ன? கம்பை மேல வெட்டி இழுக்கறது. குளத்துல கெண்டைக்கு அது சரி. இங்க அப்படிச் செஞ்சா ஃப்ளை மீனோட வாய்ல இருந்தே உருவிட்டு வந்துடும். கம்பைத் தாழ்த்தி, மீனைப் பார்த்து நேரா நீட்டி வச்சு, இடது கையால கயிறை நீளமா ஒரு இழுப்பு இழுக்கணும். முள் பதிஞ்ச பிறகுதான் கம்பு மேல வரும். கை எப்பவும் பழைய பழக்கத்துக்கே ஓடும். கைடுங்க நாள் முழுக்கக் கத்தறது இதுக்குத்தான்.

முள் பதிஞ்ச அடுத்த நொடி மீன் ஆழத்தைப் பார்த்து ஓடும். கயிறு முழுக்கப் போய், அதுக்குப் பின்னாடி சுத்தி வச்சிருக்கிற மெல்லிய நூலும் ரீல்ல இருந்து உருவிட்டுப் போகும். ஒரு கிலோ மீன்னு நம்பவே முடியாது. ரீல் கைப்பிடி சுத்தற வேகத்துல விரலை வச்சா அடிபடும், அதனால அது நிக்கற வரைக்கும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இப்போ நீங்க கேட்ட கேள்விக்கு வரலாம்.

முதல் மீன் என் நண்பனுக்குத்தான் மாட்டுச்சு. கைடு படகை விட்டு இறங்கி, தண்ணிக்குள்ளயே மீனைப் பிடிச்சார். நண்பன் போனை என்கிட்ட நீட்டி, மீனைத் தூக்கிப் போட்டோ எடுக்கலாம்னான். கைடு நிமிர்ந்தே பார்க்கலை, வேண்டாம்னார். அவர் பார்வை இருபது முப்பதடி தள்ளி, ஒரு பழுப்பு நிழல் மேல. சின்ன சுறா. அதுக்கும் அந்தப் பக்கம் கோல் மாதிரி அசையாம நின்ன ஒரு சீலா மீன், அதாவது பாரகூடா. மீன் ஓடி ஓடிக் களைச்சதை அதுங்க உணர்ந்து வந்திருந்தன. கைடு கொக்கியைக் கழட்டிட்டு, மீனை விடாம, படகு நிழல்ல ரெண்டு கையாலயும் நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே நின்னார். என்னைக் கழியால தண்ணியைத் தட்டச் சொன்னார். சுறா விலகிப் போச்சு. அப்புறமும் விடலை. மீன் தானா வாலை உதறி அவர் கையை விட்டுக் கிளம்பற வரைக்கும் காத்திருந்தார். சில நிமிஷம்தான், எங்களுக்கு அது ரொம்ப நீளமா இருந்தது.

இது வெறும் பாசம் இல்லை. பஹாமாஸ்ல எலூத்ரா தீவுல ஆராய்ச்சியாளர்கள் போன்ஃபிஷைப் பிடிச்சு விட்டு, பின்தொடர்ந்து பார்த்திருக்காங்க. விட்ட பிறகு சமநிலை தவறி, பக்கவாட்டுல சாயற மீன், நிமிர்ந்து நீந்தற மீனை விட ஆறு மடங்குக்கும் மேல சுறா, பாரகூடா வாய்க்குப் போற வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சது. மீனைச் சாய வைக்கறது எது? ரொம்ப நேரம் இழுத்து விளையாடறது, காத்துல தூக்கி வச்சுக்கறது. நாம போட்டோவுக்குச் சிரிக்கற நேரம் அதுக்கு மூச்சில்லாத நேரம். அதுவும் நூறு மீட்டர் ஓடி முடிச்ச கையோட. சோ, "விட்டுட்டேன்"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் நீங்க எப்படி விட்டீங்கங்கறதுல இருக்கு. அலட்சியமா விட்டா, நீங்க மீனைக் கொன்னுருக்கீங்க, சாப்பிடலை, அவ்வளவுதான்.

அப்போ பிடிக்காமலே இருக்கலாமே? இருக்கலாம். மீனுக்கு வலி எப்படி இருக்கும்னு விஞ்ஞானிகளே இன்னும் வாதம் பண்ணிட்டிருக்காங்க, அதுக்கு அழுத்தம் உண்டுங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. இது யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சான் பெட்ரோவுல இன்னொரு கணக்கும் இருக்கு. அது மீனவர் ஊர். 2009-ல பெலீஸ் ஒரு சட்டம் போட்டுச்சு: போன்ஃபிஷ், டார்பன், பெர்மிட் மூணையும் பிடிச்சா விட்டுடணும். (பெர்மிட், நம்ம ஊர்ப் பாறை மீன் குடும்பம்தான்.) சமைக்கற மீன் ஒரு தடவைதான் காசு தரும். ஃப்ளாட்ஸ்ல நீந்தற மீன் கைடுக்கும், படகுக்காரருக்கும், விடுதிக்கும் திரும்பத் திரும்பத் தரும். அதனாலதான் அலையாத்தியை வெட்டினாலோ வலை போட்டாலோ முதல்ல குரல் கொடுக்கறவங்கள்ல கைடுங்களும் இருக்காங்க. 2020 நவம்பர்ல அந்த நாடு செவுள் வலையையே தடை பண்ணுச்சு. வலையை நம்பிப் பிழைச்சவங்களுக்கு அது பெரிய அடி, அதையும் மறைக்க வேண்டாம். மீன் யாருக்குங்கற சண்டை எல்லாக் கடற்கரையிலயும் இருக்கு. இந்த ஊர் அதுல ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கு.

என் தனிப்பட்ட கருத்து: ஒரு நாளைக்கு நாப்பது மீன் பிடிச்சேன்னு பெருமையா எண்ணிச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வருது. எண்ணிக்கைக்காகப் பிடிக்கற அன்னிக்கு இந்த நியாயம் எல்லாம் நிக்காது.

எனக்கு மூணு நாள்ல ரெண்டு மீன். ரெண்டையும் தண்ணியை விட்டு வெளியே எடுக்கலை. அதனால போட்டோ கேட்டவங்களுக்கு, கலங்கின தண்ணிக்குள்ள ஒரு சாம்பல் கோடும் என் மணிக்கட்டும் இருக்கிற படம்தான் கிடைக்கும்.

போறவங்களுக்குச் சில விஷயம். கைடுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு டாலர் ஆகும், ரெண்டு பேர் சேர்ந்தா பாதி. வெளிநாட்டுக்காரங்க ஸ்போர்ட் ஃபிஷிங் லைசென்ஸ் வாங்கணும், அந்தப் பணம் கடலோரப் பாதுகாப்புக்குப் போகுது. கொக்கி முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமா இருக்கிற குட்டி முள்ளைக் குறடால நசுக்கிடுங்க, கழட்டறது ஒரு நொடி வேலையாகும். மீனைத் தொடறதுக்கு முன்னாடி கையை நனைச்சுக்கோங்க, இல்லைன்னா அதோட மேல் வழவழப்பு உரிஞ்சுடும். தண்ணியில இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காம தரையில தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், அதிர்வு கேட்டா அதுவா நகர்ந்துக்கும், மிதிச்சா வால்ல இருக்கிற முள்ளால குத்தும். ராத்திரி எவ்வளவு தூக்கம் வந்தாலும் ரீலை நல்ல தண்ணியில அலசிட்டுப் படுங்க, உப்பு ஒரே வாரத்துல வேலையைக் காட்டிடும்.

கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி, காத்தடிக்கற நேரமாப் பார்த்து புல்வெளியில வீசிப் பழகுங்க. 40 அடியில ஒரு தட்டு வச்சு, அதுமேல பத்துல ஆறு தடவை விழுந்தா டிக்கெட் போடலாம்.