ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு

மும்பை பரேலில் 1941-ம் ஆண்டு தொடங்கப்பட்ட டாடா நினைவு ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக வரும் கிறிஸ்தவர்கள் சிலர், புதன்கிழமைகளில் மாகிம் மிக்கேல் ஆலயத்துக்கும் செல்கிறார்கள். சகாய மாதா நவநாள் அங்கு 1948 முதல் நடக்கிறது. பிற மதத்தவரும் திரளாக வருகிறார்கள்.

எங்கள் டிக்கெட் கவுண்டருக்கு வந்த தூத்துக்குடி அம்மாள் ஒருவர், "புதன்கிழமை வேண்டாம் தம்பி, நவநாள் இருக்கு" என்றார். அவருக்கு மார்பில் புற்றுநோய்.

"மாதாகிட்டே மன்றாடுறேன். ஊசியையும் விடலே. டாக்டரையும் ஆண்டவர்தானே அனுப்பினார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! ஜெபத்தை மட்டும் நம்பி, சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோர் உண்டு. நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சாதாரணப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரி சான்றிதழ் அவசியம். பணத்தை எண்ணிப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.