கணினிப் பராமரிப்புப் பயிற்சி: பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

சிங்கப்பூருக்குச் சென்று வந்த நம் தோட்டத்து இளைஞர்கள் தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் பற்றிப் பேசுவது வழக்கம். அண்மைக் காலத்தில் அவர்கள் ரோச்சோர் கால்வாய்ச் சாலையிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்தைப் பற்றியும் பேசுகின்றனர். அங்கே மாடிதோறும் கணினிக் கடைகள் உள்ளன. அவற்றைக் கண்டு திரும்பிய மகன், “அப்பா, நானும் இத்தொழிலைக் கற்கிறேன்” என்கிறான். எந்தப் பயிற்சியில் சேர்ப்பது என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர்.

முதலில் அது எத்தகைய பணி என்பதை அறிதல் வேண்டும். தோட்ட மருத்துவமனையின் டிரசரை எண்ணிப் பாருங்கள். நோயாளியை முதலில் காண்பவர் அவரே. எப்போது தொடங்கியது, என்ன செய்கிறது என்று கேட்டறிந்து, தம்மால் இயன்றதைத் தாமே தீர்ப்பார்; இயலாததைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். கணினி உதவிப் பணியாளரும் அவ்வாறே. கடவுச்சொல்லை மறந்தவர், அச்சுப்பொறி இயங்காதவர், இணையத் தொடர்பு அறுந்தவர் என அலுவலகத்தார் அனைவரும் அவரையே அழைப்பர். அழைப்பவர் பெரும்பாலும் பதற்றத்தில் இருப்பார். ஆகவே பொறுமையும், செய்ததைத் தெளிவாக எழுதி வைக்கும் பழக்கமும் இப்பணிக்கு இன்றியமையாதவை. சிங்கப்பூர் அலுவலகங்களின் மொழி ஆங்கிலம். அதில் தடுமாறும் பிள்ளைக்குக் கணினி வகுப்பைவிட ஆங்கில வகுப்பே முதற்பயிற்சி என்பது எம் கருத்து.

சிங்கப்பூர் அரசு 1981-ஆம் ஆண்டிலேயே தேசியக் கணினி வாரியத்தை அமைத்து இத்துறைக்கு ஆட்களைத் தயார்செய்யத் தொடங்கியது. 1992-இல் உருவான தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் ஆகிய இடங்களில் கல்லூரிகளை நடத்துகிறது. அதற்கு மேல் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள் உள்ளன. இவை ஆண்டுக்கணக்கில் நீளும் படிப்புகள். இவையன்றி, சில மாதங்களில் முடியும் குறுகிய பயிற்சிகளும் உண்டு. குழப்பம் எழுவது இக்குறுகிய பயிற்சிகளிலேதான்.

யாம் அறிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், மகனுக்காகச் சேமிப்பு முழுவதையும் ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டினார். ஆறு மாதம் வகுப்பு நடந்தது. ஆசிரியர் திரையில் படங்களைக் காட்டினார். மாணவர் ஒருவர்கூட ஒரு கணினியைத் திறந்து பார்க்கவில்லை. இறுதியில் அந்நிலையமே அச்சிட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. வேலை கொடுப்போர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கத்தியைத் தொடாமல் படம் பார்த்துப் பால்வெட்டக் கற்றவன் மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாதிருப்பானோ?

ஆகவே பயிற்சி வேறு, தேர்வு வேறு என்பதை உணர்தல் வேண்டும். தொடக்க நிலைக்குப் பல நாடுகளில் அறியப்பட்ட சான்றிதழ் காம்ப்டியா ஏ பிளஸ் என்பது. அதற்கு இரண்டு தேர்வுகள் உள்ளன. கணினியின் உறுப்புகள், இயங்குதளம், வலையமைப்பு, பாதுகாப்பு, பழுதறிதல் ஆகியவை பாடங்கள். சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். எந்த வகுப்பிலும் சேராமல் தாமே படித்தும் இத்தேர்வை எழுதலாம். மலேசியாவிலேயே எழுதினாலும் சான்றிதழ் ஒன்றே. வலையமைப்புத் துறையில் மேலே செல்ல விரும்புவோர் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வைப் பின்னர் எழுதலாம். முதற்படியிலேயே அதற்குப் பணம் கட்டுமாறு கூறுவோரை நம்ப வேண்டாம்.

கட்டண விளம்பரங்களையும் கவனித்துப் படியுங்கள். அதில் காணும் குறைந்த தொகை, அரசு உதவித்தொகையைக் கழித்த தொகையாக இருக்கக்கூடும். 25 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வழங்கப்படும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியும், 2024-இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அளிக்கப்பட்ட 4,000 வெள்ளியும் நமக்குக் கிட்டா. எனவே, “மலேசியர் செலுத்த வேண்டிய முழுத் தொகை எவ்வளவு? தேர்வுக் கட்டணம் அதில் அடங்குமா?” என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுக.

அங்குள்ள தனியார் பள்ளிகள் 2009-ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டத்திற்கு உட்பட்டவை. மாணவர் அனுமதி அட்டையில் வெளிநாட்டவரைச் சேர்க்கும் தனியார் பள்ளிக்கு எடுடிரஸ்ட் என்னும் அங்கீகாரம் தேவை. அத்தகைய பள்ளி, செலுத்திய கட்டணத்திற்குப் பாதுகாப்பும் அளித்தல் வேண்டும். எனினும் பதிவு பெற்ற பள்ளி யாவும் சிறந்த பள்ளி என்பதில்லை. படித்து முடித்ததும் சிங்கப்பூரில் வேலை உறுதி என்று ஒருவர் கூறினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை அனுமதி தருவது அந்நாட்டு மனிதவள அமைச்சு, பயிற்சி நிலையம் அன்று.

கடல் கடக்க வசதியில்லாதோர் மனம் தளர வேண்டா. நம் நாட்டின் மலேசியத் திறன் சான்றிதழ்ப் படிப்புகளிலும் கணினித் துறை உண்டு.

எங்கு சேர்வதாயினும், கையொப்பமிடுமுன் ஒரு நாள் நேரில் சென்று பயிற்சி அறையைப் பாருங்கள். பிரித்துப் பூட்டிப் பழகுவதற்கு எத்தனை கணினிகள் உள்ளன, ஒரு கணினிக்கு எத்தனை மாணவர் என எண்ணிக்கொள்ளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்னும் பகுதியை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிடில், கையொப்பமிடாமல் அதன் நகலைப் பெற்று, தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் காட்டிய பின்னரே முடிவு செய்க.