ஃபைல் எங்கே சார் நிக்குது?

ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் 'ஒர்க்ஃப்ளோ' என்கிறார்கள். அர்த்தம் கேட்டால், 'அதாங்க... வேலை!' என்று நழுவுகிறார்கள்.

வேலை வேறு, ஒர்க்ஃப்ளோ வேறு சார். பில்லைச் சரிபார்ப்பது வேலை. அது அடுத்து எந்த மேஜைக்குப் போகும், யார் கையெழுத்து, தப்பிருந்தால் யாரிடம் திரும்பும் - இந்தப் பாதைதான் ஒர்க்ஃப்ளோ. பாங்கில் ஒருத்தர் பதிவு போட, இன்னொருத்தர் பார்த்து ஓ.கே. செய்கிறாரே, அதேதான். லெட்ஜர் காலத்திலேயே உண்டு.

உங்க மெடிக்கல் பில்லையே எடுத்துக்குங்க. ஐந்து மேஜை, மேஜைக்குப் பத்து நிமிஷம். மொத்தம் ஐம்பது நிமிஷ வேலை. பணம் வர ஐந்து வாரம்! மிச்ச நேரம்? டிரேயில் தூக்கம்!

அந்தத் தூக்கத்துக்கும் கணக்கு உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிரூபித்தது. ஒரு மேஜையில் எப்போதும் 40 ஃபைல். தினம் 8 வருகிறது, 8 போகிறது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. சராசரியாக ஒரு ஃபைல் 5 நாள் காத்துக் கிடக்கும். குமாஸ்தாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் தினம் எட்டு முடிக்கிறாரே! ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து குவியலை 16 ஆக்கிவிட்டால், அதே வேகத்தில் 2 நாள்தான்.

சென்னையில் 2011-ல் செக்குக்குப் பதில் அதன் படத்தை பாங்குக்கு பாங்க் அனுப்ப ஆரம்பித்தார்கள். செக் அதேதான், பாதைதான் மாறியது. பழைய ஐந்து மேஜையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால்? ஃபைல் ஏ.சி.யில் தூங்கும், அவ்வளவுதான்!

இனிமேல் 'யார் சார் பார்க்கறாங்க?' என்று கேட்காதீர்கள். 'எங்கே நிக்குது?' என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் நம்ம டிரேயை ஒரு தடவை எட்டிப் பார்த்துடுவோம்!