கெட்டுப்போனால்தான் லாபம்!

முலாம் பூசுகிற பட்டறைக்காரர் யாரிடமாவது போய், "அண்ணே, கரண்டைக் கொஞ்சம் ஏத்தி வைங்களேன்... வேலை சீக்கிரம் முடியுமே!" என்று யோசனை சொல்லிப் பாருங்கள். ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். "ஏத்தலாம் தம்பி. பூச்சு கருகிப் போயிடும். விரலால தேய்ச்சா மாவா உதிரும். அப்புறம் பார்ட்டிக்கு யார் பதில் சொல்றது... நீயா?" என்பார்.

நியாயமான கேள்வி. ஆனால், அவருக்கு நஷ்டமான அந்த 'உதிர்கிற பூச்சை' வேண்டுமென்றே உண்டாக்கி, சுரண்டி எடுத்து, கிலோக் கணக்கில் விற்கிற தொழிலும் இருக்கிறது! மின்சாரத்தைக் கொண்டு கரைசலிலிருந்து உலோகப் பொடி எடுக்கும் தொழில் அது.

'செம்பைப் பொடியாக்கி யாருக்கு என்ன லாபம்?' என்கிறீர்களா?

வீட்டு டேபிள் ஃபேன் மோட்டாரில் 'புஷ்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது உருக்கி வார்த்தது அல்ல. பத்தில் ஒன்பது பங்கு செம்புப் பொடி, ஒரு பங்கு ஈயமில்லாத சுத்த வெள்ளீயப் பொடி. இரண்டையும் கலந்து, அச்சில் போட்டு அமுக்கி, செம்பு உருகாத சூட்டில் உலையில் வேகவைத்தால் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புட்டு மாதிரிதான்! உள்ளே கால் பங்கு வரை கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதில் எண்ணெயை ஊற வைத்துவிடுகிறார்கள். மோட்டார் சுற்றிச் சூடானால் எண்ணெய் வெளியே கசியும். நின்றால் உள்ளே போய்விடும். நாம் எண்ணெய் போட மறந்தாலும் ஃபேன் ஓடுகிற ரகசியம் இதுதான். கார் செல்ஃப் மோட்டாரில் இருக்கும் கார்பன் பிரஷ்ஷிலும் கிராஃபைட்டோடு செம்புப் பொடி கலந்திருக்கிறது.

சரி, பொடி எப்படிப் பிறக்கிறது?

ஒரு தொட்டி. அதில் மயில்துத்தமும் கந்தக அமிலமும் கலந்த தண்ணீர். ஒரு பக்கம் செம்புத் தகடு, எதிரே இன்னொரு தகடு. கரண்ட் கொடுத்தால் செம்பு இந்தப் பக்கம் கரைந்து அந்தப் பக்கம் போய்ப் படியும். செம்பைச் சுத்திகரிக்கும் ஆலையிலும் இதே ஏற்பாடுதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. அங்கே லிட்டருக்கு 40, 50 கிராம் செம்பு. தகட்டின் ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 ஆம்பியர். பொடித் தொட்டியில் செம்பைக் குறைத்து, பெரும்பாலும் 35 கிராமுக்குள் வைத்துக்கொண்டு, கரண்டை 700, 1,000 என்று ஏற்றிவிடுகிறார்கள்.

உடனே என்ன நடக்கிறது? டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிதானமாக ஏறினால் உள்ளே போய் வரிசையாக உட்காரும். முண்டியடித்தால்? முதலில் வந்தவன் ஃபுட்போர்டில் நிற்பான், அடுத்தவன் அவனைப் பிடித்துத் தொங்குவான், மூன்றாமவன் தொங்குபவனைப் பிடித்துத் தொங்குவான்! செம்பு அயனிகளும் அப்படியே. தகட்டில் சீராகப் படிய நேரமில்லாமல், எந்த முனை நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதிலேயே போய் ஒட்டும். முனை கிளையாகும், கிளையிலே கிளை வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரணி இலை மாதிரி இருக்கும். தகட்டை அவ்வப்போது வழித்துவிட்டால் பொடி அடியில் இறங்கிவிடும்.

உருகிய செம்பைத் தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சிதறடித்தும் பொடி எடுக்கிறார்கள். செலவு குறைவு. ஆனாலும் இந்தக் கிளைவிட்ட பொடிக்கு மவுசு போகவில்லை. காரணம், அச்சில் அமுக்கும்போது கிளையோடு கிளை கோத்துக்கொண்டு கெட்டியாக நிற்கும். சுத்தமும் அதிகம்.

கரண்ட் கணக்கில் மட்டும் யாரும் ஏமாற்ற முடியாது. ஃபாரடே 1834-லேயே விதி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கிலோ செம்பு படிய சுமார் 843 ஆம்பியர்-மணி வேண்டும். 100 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய எட்டரை மணி நேரம். போதாக்குறைக்கு, அவசரப்படுத்தும்போது வோல்ட்டேஜும் ஏறுகிறது. கொஞ்சம் கரண்ட் ஹைட்ரஜன் குமிழியாக வீணாகிறது. ஈ.பி. பில் தூக்கிவாரிப் போடும்!

இந்த மாதிரி விஷயங்களை ஆராய நம் காரைக்குடியில் ஒரு பெரிய கூடமே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது 'சிக்ரி'.

ஆனால், தொழிலின் உண்மையான சோதனை தொட்டியில் இல்லை. தொட்டிக்கு வெளியே இருக்கிறது. எடுத்த பொடியில் அமிலம் ஒட்டியிருந்தால் சீக்கிரமே நிறம் மாறிக் கெட்டுவிடும். அதனால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் முக்கி ஒரு பூச்சுக் கொடுத்து, உலர்த்தி, ஹைட்ரஜன் உலையில் காட்டி, சலிக்க வேண்டும். கழுவக் கழுவத் தண்ணீர்! அந்தத் தண்ணீர் முழுக்க அமிலமும் செம்பும்.

ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்கிறது அரசாங்க விதி. தொட்டியில் இருப்பதோ லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம்! 'ராத்திரியில் திறந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று நினைத்தால், மீன் முதலில் பார்க்கும். அப்புறம் வயல் பார்க்கும். கடைசியில் கிணறு பார்க்கும்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. பழைய இரும்பை அந்தத் தண்ணீரில் போட்டாலே செம்பு அதன்மேல் வந்து படியும். பள்ளிக்கூடத்தில் ஆணியை மயில்துத்தத்தில் போட்டுப் பார்த்தோமே, அதேதான். மிச்சத்துக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. கழுவிய தண்ணீரையே மறுபடி தொட்டிக்குத் திருப்பலாம். காசு போட்டு வாங்கிய செம்பைச் சாக்கடையில் விடுவதைவிட இது லாபக் கணக்கும்கூட. சலிக்கிற அறையில் மூக்குக்கு முகமூடியும், தூசியை உறிஞ்சும் மின்விசிறியும் வேண்டும். ஒரு நாள் கூலிக்கு வருகிறவர் நுரையீரலில் செம்பை வீட்டுக்குச் சுமந்து போகக் கூடாது அல்லவா?

ஆகவே, லோன் போட்டு இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தொட்டி எத்தனை லிட்டர், ரெக்டிஃபையர் என்ன விலை என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. 'கழுவின தண்ணி எங்கே போகும்?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் பூச்சைத் தாராளமாகக் கெடுக்கலாம். ஊரைக் கெடுக்காமல் இருந்தால் சரி!