ஏசி வாங்கும் நாளும் பொருத்தும் நாளும்

2018 யூலை 2ஆம் திகதி மொன்றியல் நகரின் நடுவே, மக்கில் பல்கலைக்கழக வானிலை நிலையத்தில் வெப்பமானி 36.6 பாகை செல்சியஸ் காட்டியது. அங்கே பதிவு தொடங்கிய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டில் அவ்வளவு வெக்கை வந்ததில்லை. அதற்கு முதல் நாள் யூலை 1. கியூபெக்கில் வாடகைக் குடும்பங்கள் கட்டிலையும் அலமாரியையும் வளைந்த வெளிப்படிகளில் இறக்கி ஏற்றி வீடு மாறும் நாள். அந்த வாரத்து வெப்ப அலையில் இந்நகரில் 66 பேர் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. பெரும்பாலோர் சொந்த வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் ஏசி இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. அந்நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், உடல் தன்னைத்தானே குளிர்த்திக்கொள்ளும் திறனைக் குறைத்துவிடும். அதற்கு முன் 2010 யூலையில் 106 பேர். பாதி வருடம் குளிரும் ஊருக்கு ஏசி எதற்கு என்று இன்னமும் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத் தவிர வேறு பதில் தேவையில்லை.

சரி, வாங்குகிறோம். வாங்கும்போது நாம் கேட்பது இரண்டே கேள்வி: எந்தக் கம்பனி, எத்தனை டன்? ஃபிரிட்ஜ் வாங்கிப் பழகியதால் வரும் கேள்விகள் இவை. ஃபிரிட்ஜ் தொழிற்சாலையிலேயே காஸ் அடைத்து, மூடி, சோதித்து வருகிறது; ப்ளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. வீடு முழுவதையும் குளிர்விக்கும் சென்ட்ரல் ஏசி அப்படி வருவதில்லை. வளவில் வைக்கும் கண்டென்சர் ஒரு பாதி. பேஸ்மென்டில் ஃபர்னஸின் தலைமேல் உட்காரும் காயில் மறு பாதி. இரண்டையும் செப்புக் குழாயால் இணைத்து, பற்றவைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, காஸைத் திறந்துவிட்ட பிறகுதான் அது ஒரு இயந்திரமாகிறது. தயாரிப்பின் கடைசிக் கட்டம் நம் வீட்டில், ஒரே நாளில், ஒருவர் கையால் நடக்கிறது. அந்தக் கை யாருடையது, அன்று என்ன செய்தது என்பது பெட்டியின்மேல் இருக்கும் பெயரைவிட முக்கியம் என்பதே என் வாதம்.

முதலில் டன் கணக்கு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகுவதை வைத்து வந்த பழைய அளவை. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சீக்கிரம் குளிரும் என்று நம்மவர்கள் நினைப்பதில் பிழை சொல்ல முடியாது. சீக்கிரம் குளிரத்தான் செய்யும். வில்லங்கம் அங்கேதான்: ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டுமல்ல. 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவி, மனிதர்களைக் குளிர்விக்க வந்ததல்ல. கோடையில் தாள் ஈரத்தை வாங்கி விரிந்ததால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அவரை அழைத்தார்கள். ஆற்றுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் மொன்றியலிலும் கோடையில் நம்மை வாட்டுவதில் பாதி அந்த ஈரம்தான். அளவுக்கு மிஞ்சிய ஏசி ஐந்தாறு நிமிடம் ஓடி, தெர்மோஸ்டாட் சொன்ன எண்ணைத் தொட்டு, நின்றுவிடும். காயிலில் ஈரம் திரண்டு சொட்டி வடிய நேரமே கிடைக்காது. அறை 22 பாகை, ஆனாலும் தோல் பிசுபிசுக்கும், பேஸ்மென்டில் பூஞ்சை வாடை எழும். அடிக்கடி நின்று கிளம்புவதில் கம்ப்ரசரும் தேய்கிறது. யன்னல், சுவர்க் காப்பு, வீட்டின் திசை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் கூட்டி வெப்பச் சுமையைக் கணக்கிட சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடிய நியமம் இருக்கிறது. வாசலில் நின்றபடியே “மூன்று டன்” என்று சொல்பவரிடம் அந்தக் கணக்குத் தாளைக் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. பழையது மூன்று டன்தானே என்பதும் காரணமாகாது. இடையில் யன்னல்களை மாற்றி, கூரைக்குக் காப்பும் போட்டிருந்தால் வீட்டின் தேவை குறைந்திருக்கும்.

அடுத்தது, பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும் ஒரு மணி நேரம். குழாய்களைப் பற்றவைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு பார்த்த பிறகு, வேக்குவம் பம்பைப் பூட்டுகிறார்கள். அளவியில் எண் இறங்கிக்கொண்டே போகும். கடல்மட்டக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த வெற்றிடத்தில் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. பிறகு வால்வை மூடிவிட்டு அளவியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எண் சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம். நிற்காமல் ஏறினால் கசிவு. பொறுமையில்லாதவர் பதினைந்து நிமிடத்தில் பம்பைக் கழற்றிக் காஸைத் திறந்துவிடலாம். அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். மிஞ்சிய ஈரமோ கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, சில கோடைகளுக்குப் பிறகு மோட்டாரின் சுருளை அரித்துவிடும். பழியெல்லாம் அப்போது கம்பனிமேல் விழும்.

“தெரிந்த தம்பி ஒருவர் பாதிக் காசுக்குச் செய்து தருவார்” என்பது நம் சமூகத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. தம்பி கைகாரராகவே இருக்கலாம். ஆனால் கியூபெக்கில் இந்த வேலைக்குக் கட்டட ஒழுங்குமுறை ஆணையமான ஆர்.பி.க்யூ.வின் உரிமம் வேண்டும். காஸைத் தொடுபவருக்குச் சுற்றுச்சூழல் தகுதிச் சான்றும் வேண்டும். 240 வோல்ட் இணைப்பும் தனி பிரேக்கரும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் வேலை. ஒன்டாரியோவில் அனுமதி எடுத்துத் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யும் உறவினரைப் பார்த்து இங்கே செய்ய முடியாது. கியூபெக் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. உரிமம் என்பது வெறும் காகிதமும் அல்ல. சிறப்பு ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் 20,000 டொலர் பிணை வைத்திருக்க வேண்டும். வேலையைக் கெடுத்தாலோ பாதியில் விட்டாலோ நாம் உரிமை கோரக்கூடிய பணம் அது. உரிம எண் உண்மைதானா என்று ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பாதிக் காசில் நாம் விட்டுக்கொடுப்பது இதையெல்லாம்தான்.

பழைய வீடுகளில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. காற்றுக் குழாய்களின் இணைப்புகளில் பழுத்த வெள்ளை நிறத்தில் துணிபோன்ற பட்டை ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்கும்வரை கிழிக்கவோ வெட்டவோ கூடாது. அடுத்து, ஃபர்னஸ் எரிவாயுவிலோ எண்ணெயிலோ ஓடினால், அது நிற்கும் அறையில் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஓட்டை இருக்கக் கூடாது. புதிய விசிறி அந்த ஓட்டை வழியே இழுக்கும்போது, புகைபோக்கியில் மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குத் திரும்பலாம். படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான அலாரம் இருக்கட்டும், விலை சொற்பம்.

காஸும் மாறிவிட்டது. இதுவரை எங்கும் இருந்த ஆர்-410ஏ, கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு புவியைச் சூடாக்குவது. ஒரு வீட்டு ஏசியின் மூன்று கிலோ கசிந்தால், ஒரு காரின் ஓராண்டுப் புகையைவிட அதிகம். இப்போது வரும் ஆர்-32, ஆர்-454பி இரண்டும் பாதிப்பு குறைந்தவை, ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியவை. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. எரிய அவற்றுக்கு நல்ல செறிவும் வலுவான பொறியும் வேண்டும். ஆனால் பழைய ஏசியில் புதிய காஸை நிரப்பச் சொல்லக் கூடாது. மறதியில்கூட அது நடக்காதிருக்கத்தான் சிலிண்டரின் மரையே எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்னொன்று: காஸ் பெட்ரோல்போல் செலவாகும் பொருள் அல்ல. “வருசா வருசம் காஸ் அடிக்க வேணும்” என்று யாராவது சொன்னால், எங்கோ கசிகிறது, அதைத் தேடாமலே காசு வாங்குகிறார் என்று அர்த்தம்.

பராமரிப்பில் நம் கையால் செய்யக்கூடியவை சில. தூசு அதிகம் பிடிக்கட்டும் என்று ஓர் அங்குலத் தட்டில் மிக நெருக்கமான ஃபில்டரைப் போடுபவர்கள் நல்ல எண்ணத்தில் தவறு செய்கிறார்கள். காற்று மூச்சுத் திணறி, காயில் குளிர்ந்து, குளிர்ந்து, ஒருநாள் செப்புக் குழாய் வெள்ளைப் பனிக்கட்டிக்குள் புதைந்து நிற்கும். அப்படிக் கண்டால் ஏசியை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு உருகவிட வேண்டும்; கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும். காயிலிலிருந்து வடியும் நீர் போகும் குழாயையும் கோடை தொடக்கத்திலேயே பாருங்கள். அது அடைபட்டால் நீர் ஃபர்னஸின் மின்பலகைமேல் இறங்கும். யூனில் பாப்லர் மரங்கள் பஞ்சாகப் பறக்கவிடும் விதைகள் வெளிப்பெட்டியைக் கம்பளிபோல் மூடிவிடும். பிரேக்கரை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயின் மெல்லிய நீரால் கழுவினால் போதும். பக்கப் பலகையைத் திறப்பது மட்டும் நம் வேலையல்ல. உள்ளே இருக்கும் கப்பாசிட்டர், மின்சாரம் நின்ற பிறகும் ஆளை உலுக்கும் அளவு மின்னைத் தேக்கி வைத்திருக்கும்.

ஏசி வீட்டு வெக்கையைத் தெருவுக்குத் தள்ளுகிறது, அதற்குப் பதில் மரம் நடலாமே என்பார்கள். உண்மைதான், மரம் குறைந்து கொங்கிரீட் நிறைந்த பார்க்-எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளுக்கு மரம் கட்டாயம் வேண்டும். ஆனால் இன்று நட்ட கன்று நிழல் தர இருபது வருடமாகும். மூன்றாம் மாடியில் யன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கும் முதியவருக்கு அத்தனை அவகாசம் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சென்ட்ரல் ஏசிக்கு வேண்டிய காற்றுக் குழாய்கள் லாவலிலும் வெஸ்ட் ஐலண்டிலும் உள்ள தனி வீடுகளில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. வெப்பம் அதிகம் கொல்லும் பழைய மூன்றடுக்கு வாடகை வீடுகளில் இருப்பது சுவரோர மின்சூடேற்றி மட்டும். அங்கே குழாயற்ற சுவர் ஏசிதான் வழி. அதற்குச் சுவரைத் துளைக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

வருடத்தில் சில வாரத்துக்கு இத்தனை ஆயிரமா என்ற கேள்வி நியாயமானது. கோடைக்கு மட்டும் ஏசியை வாங்குவது எனக்கும் வீணாகத்தான் படுகிறது. அதே பெட்டியில் காஸ் ஓடும் திசையை மாற்றும் ஒரு வால்வு கூடுதலாக இருந்தால் அது ஹீட் பம்ப். இங்குள்ளோர் தெர்மோபொம்ப் என்று சொல்வது அதைத்தான். கடுங்குளிர் நாள்களுக்குத் துணைச் சூடேற்றி வேண்டும்தான். ஆனால் மற்ற நாள்களில் அது ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு வெப்பம் தரும். மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் அதற்கு மானியமும் தருகிறது. 2023 பெப்ரவரி 3ஆம் திகதிக் குளிரில் மாகாணத்தின் மின்தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். எண்ணெய் ஃபர்னஸ் பழுதானால் இன்னொரு எண்ணெய் ஃபர்னஸ் போட 2023 முடிவிலிருந்து கியூபெக்கில் அனுமதி இல்லை; எண்ணெய் வைத்திருப்போர் எப்படியும் மாறத்தான் வேண்டும். பொருத்தும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வெறும் ஏசி தரையில் பலகைக்கல்மேல் நிற்கலாம், நவம்பரில் அதன் மேல்தட்டை மட்டும் மூடலாம். முழுக்கச் சுற்றிக் கட்டினால் ஈரம் தங்கும், எலி குடியேறி வயரைக் கடிக்கும். ஹீட் பம்பை மூடவே கூடாது. அது ஜனவரியிலும் மூச்சுவிட வேண்டும். ஆகவே பனி குவியும் உயரத்துக்கு மேலே, இரும்புத் தாங்கியில் அதை நிறுத்தச் சொல்லிப் பொருத்துபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.