காட்சிக்கூடமும் கைவினையும்: வன்னி அனுபவத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

அருங்காட்சியகம் என்பது அரிய பொருள்களைப் பேணிக் காக்கும் இடம் என்ற அளவிலேயே நம்மிடையே பெரிதும் எண்ணப்பட்டு வந்துள்ளது. ஆயின் அது பொருள்களைப் பகுத்துப் பெயரிட்டு, அவற்றுள் எது கலை, எது கைவினை எனத் தரம் பிரிக்கும் நிறுவனமுமாகும். நவீன வரைபு ஒரு கூடத்தில் இடம்பெறும். கட்டடக்கலை இன்னொரு கூடத்தில் படங்களாகவும் மாதிரியுருக்களாகவும் அமையும். துணியோ ‘மரபுக் கைவினை’ என்ற பெயரோடு பிறிதோர் இடத்துக்கு ஒதுக்கப்படும். இப்பகுப்பு இயற்கையாய் அமைந்ததன்று. முதலாளித்துவத்தின் எழுச்சியோடு மூளையுழைப்பும் கையுழைப்பும் ஒன்றினின்றும் ஒன்று மேன்மேலும் விலகியதன் பயனாய் வலுப்பெற்றது அது. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு, இப்பகுப்பு மறைப்பது எதனை என்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் உலக உதாரணம். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1929இல் செல்வர் குடும்பத்துப் பெண்மணிகள் மூவரின் முயற்சியால் தோன்றியது. அவருள் ஒருவர் றொக்பெல்லர் குடும்பத்தவர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு இரு பொருட்காட்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஒன்று, இருபதாம் நூற்றாண்டில் கோடு தாளை விட்டு வெளியேறிய வரலாற்றைக் காட்டியது. மற்றது, வசதி குறைந்த மக்களுக்கென உலகின் பல பாகங்களில் எழுந்த 11 கட்டடத் திட்டங்களைக் காட்டியது. வங்காளதேசத்தின் ருத்ரபூரில் மண்ணாலும் மூங்கிலாலும் ஊரவர் கைகொண்டு எழுப்பிய பள்ளிக்கூடமும், சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் ஏறக்குறைய நூறு குடும்பங்களுக்கென அமைந்த ‘அரைவீடு’களும் அவற்றுள் அடங்கும். கிடைத்த பணத்துக்கு வீட்டின் பாதியைத் திருத்தமாகக் கட்டிக்கொடுத்து, மறுபாதியைக் குடியிருப்போர் தாமே கட்டிக்கொள்ள இடம் விடுவது பின்னதன் அடிப்படை. இதனை மக்கள் பங்கேற்பு என்று போற்றலாம். அரசு தன் கடமையிற் பாதியை ஏழைகளின் ஓய்வு நேரத்தின்மீது சுமத்தியது என்று குறை காணவும் செய்யலாம். இரண்டிலும் உண்மையுண்டு. எனினும் நமது கவனத்துக்குரியது வேறொன்று. ருத்ரபூர்ப் பள்ளியை வடிவமைத்தோருள் ஒருவரான அன்னா ஹெரிங்கர், பின்னர் அதே ஊரில் பெண்களுக்கான தையற் பணிமனை ஒன்றுக்கும் துணைநின்றார். ஆனந்தாலய் என்னும் மண்கட்டடத்தில் அப்பணிமனைக்கு இடம் அமைந்தது. அருங்காட்சியகத்தில் வெவ்வேறு பிரிவுகளுக்குரியவை ஊர் வாழ்க்கையில் ஒரே கூரையின் கீழ் வந்தன.

கட்டுதலுக்கும் பின்னுதலுக்கும் உள்ள உறவு பழையது. ஜேர்மானியக் கட்டடக்கலை அறிஞர் கொட்பிரீட் செம்பர் சுவரின் மூலம் பின்னலே என்று 1851இல் வாதிட்டார். வன்னியில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க நூல் வேண்டியதில்லை. தென்னோலையை ஊறவைத்துக் கிடுகு பின்னிக் கூரை வேய்ந்து, அதே கிடுகால் வேலியும் அடைத்து, மண்சுவர் மெழுகி வாழ்ந்த குடியிருப்புகளில் அவை ஒரே வேலையின் இரு கூறுகள். கிடுகு பின்னிய கை பெரும்பாலும் பெண்ணின் கை. வீடு கட்டியவர் எனக் குறிக்கப்படுவோர் வேறு.

துணியின் கதையும் இவ்வாறானதே. சோழமண்டலக் கரையின் வர்ணந்தீட்டிய பருத்தித் துணிகள் இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களின் செல்வங்கள். 2020இல் ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் இந்தியப் பருத்தித் துணிகளுக்கென்றே ஒரு பெருங்காட்சியை நடத்திற்று. அக்கரைத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பு, சாயவேரின் சிவப்பு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வேரை அகழ்தல் குறித்த சாதியினர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, பின்னாளில் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, பயன்பாட்டுக்கென ஆக்கிய பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதன் பொருளென்ன என்று வினவினார். வினா மிகச் சரியானது. அவர் தந்த விடைதான் நமக்கு உடன்பாடன்று. கைவினைஞரின் சாதிக் கட்டுப்பாட்டை அவர் ஆன்மிக ஒழுங்காகக் கண்டார். வேரகழ்ந்தவனின் முதுகுக்கு அது அவ்வாறு தோன்றியிராது.

இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் 1970களின் முற்பகுதியில் ஓரளவு தழைத்த இலங்கைக் கைத்தறி, 1977இல் வந்த திறந்த பொருளாதாரத்தின் முன் நிற்கமாட்டாது நலிந்தது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கு நாள்முழுதும் தைக்கும் பெண்ணின் உழைப்பு மரபும் அன்று, கலையும் அன்று. எனவே அதற்கு எக்கூடத்திலும் இடமில்லை.

இனி உரைகல்லுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை நோக்கி ஒடுங்கிய மக்கள், போகுமிடந்தோறும் பதுங்குகுழி வெட்டினர். மண்மூடைக்குச் சாக்கு இல்லாதபோது சேலைகளைக் கிழித்துப் பை தைத்தனர். பெட்டியின் அடியிற் கிடந்த கூறைச்சேலையும் தப்பவில்லை என்பதை அங்கிருந்து மீண்டோர் பலர் கூறியுள்ளனர். பட்டு இங்கே சுவராயிற்று. செம்பர் கூறிய மூலநிலைக்கு மனிதர் திரும்பினர் என்று இதனை அழகுபடுத்திக் கூற நாம் விரும்பவில்லை. உயிர் காக்கும் தேவை, துணியின் பண்ட மதிப்பையும் சடங்கு மதிப்பையும் ஒருசேர அழித்துப் பயன்மதிப்பு ஒன்றையே எஞ்சவைத்தது என்பதே சரியான விளக்கமாகும். மே மாதத்தின் பின் செட்டிகுளம் மெனிக் பாமில் இலட்சக்கணக்கானோர் தறப்பாளின் கீழ் வாழ்ந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. சேலையும் தறப்பாளும் எந்தக் கூடத்துக்குரியவை? துணிக்கா, கட்டடத்துக்கா?

மீள்குடியேற்றத்தின்போது எழுந்த வினா, வீட்டை வரைபவர் யார் என்பதாகும். இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் அமைந்தன. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா தவணைகளாக உரியவரிடமே வழங்கப்பட்டு, கட்டும் பொறுப்பும் அவரிடமே விடப்பட்டது. பணம் போதாமற் கடன்பட்டோர் பலர். எனினும் திண்ணையை எப்பக்கம் வைப்பது என்பது போன்ற சிலவற்றையேனும் வீட்டுக்காரர் தீர்மானிக்க முடிந்தது. இதற்கு மாறாக, பன்னாட்டு உருக்கு நிறுவனமொன்றின் துணையுடன் 65,000 ‘பொருத்து வீடு’களை நிறுவும் திட்டமொன்றை 2015-16இல் அரசு முன்வைத்தது. வீடொன்றின் செலவு 21 இலட்சம் ரூபா அளவில். அதாவது முன்னதன் ஏறத்தாழ நான்கு மடங்கு. அத்திவாரத்தின் உறுதி, காற்றோட்டம், பின்னர் அறை கூட்டிக்கட்டும் வாய்ப்பு ஆகியன பற்றி ஐயங்கள் எழுந்தன. விறகடுப்பு எரிக்கும் நாட்டில் அவ்வீட்டுக்கு அடுப்பும் புகைபோக்கியும் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. எதிர்ப்பின் காரணமாக அத்திட்டம் கருதியவாறு நிறைவேறவில்லை. புகைபோக்கியை மறந்த வரைபடம், சமைப்பவரைக் கேளாது வரைந்த படம்.

இப்பின்னணியிலேயே தா. சனாதனனின் ‘முடிவுறாத் தோம்பு’ என்னும் ஆக்கத்தின் சிறப்பை உணர முடியும். 2011இல் நூலுருவில் வெளிவந்த இவ்வாக்கம், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாகிய 80 பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தவற்றைக் கொண்டது. 1990 ஒக்ரோபரில் வட மாவட்டங்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை மனங்கொண்டால், இவ்விரு சாராரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து அமைந்ததன் அரசியல் முக்கியத்துவம் விளங்கும். ஒவ்வொருவரும் வரைந்த படத்தை அடுத்துக் கட்டடக்கலைஞர் அளவிட்டு வரைந்த படமும், அதனையடுத்து ஓவியரின் சித்திரமும் வருகின்றன. தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் நிலத் தோம்பு, தலைத் தோம்பு என இருவகைப் பதிவேடுகள் இருந்தன. அவை வரி விதிக்கவும் ஊழியம் வாங்கவும் ஆள்வோர் வைத்திருந்த ஏடுகள். ஆட்சியாளரின் கருவியை இங்கு ஆளப்பட்டோர் கையிலெடுத்துள்ளனர். அதிலும் நிலம் கைவிட்டுப் போனபின் எடுத்துள்ளனர். மூவகைப் படங்களுள் கட்டடக்கலைஞரின் படமே வறியது என்பது நமது கருத்து. நினைவில் பெரிதாய் நின்ற மூலை அதன் அளவுத்திட்டத்துள் சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்த வறுமை வேண்டப்படுவது: மதிப்பீட்டு அலுவலருக்கு விளங்கும் மொழி எது, வீட்டுக்காரரின் மொழி எது என்ற இடைவெளியை அப்பக்கமன்றி வேறெதுவும் இத்துணைத் துலக்கமாகக் காட்டாது. வரைதல், கட்டடம் என்னும் கூடங்களுக்கிடையிலான சுவர் இங்கு உடைபடுகிறது. பயிற்சி பெறாத கை வரைந்த கோடு, கலைஞரின் கோட்டுக்கு முன்னுரிமை பெறுகிறது.

இவ்வழியில் அடுத்த தலைமுறையினரும் செல்கின்றனர். இளமையில் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனாக்கோட்டால் வேலிகளை வரைகிறார். ஹேமா ஷிரோனி துணியில் நூல்கொண்டு தைத்து வீட்டையும் அதன் இழப்பையும் சித்திரிக்கிறார். தையலை வரைதலாக ஏற்கும் துணிவு, கலைக்கல்லூரிப் பாடத்திட்டத்தினும் வாழ்க்கையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் இவ்வாக்கங்களைக் காண்போர் யார்? 2013இல் யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு மூன்றுக்குமான ஆவணக்காப்பகம் ஒன்று தோன்றியமையும், 2019 டிசெம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தொடங்கித் தமிழிலும் விளக்கக் குறிப்புகள் வைத்தமையும் வரவேற்கத்தக்கன. ஆனால் பெருநகரக் கூடத்துக்கு விசுவமடுவிலிருந்து ஒரு குடும்பம் போய்வருவதென்றால் ஒரு நாட் கூலி போகும். பேருந்துச் செலவு வேறு. வன்னியில் போருக்குப் பின் மக்கள் கண்ட பொருட்காட்சிகளோ வேறுவகையின: கிளிநொச்சியில் வீழ்ந்துகிடந்த நீர்த்தாங்கி, புதுக்குடியிருப்பில் அடுக்கிவைக்கப்பட்ட போர்க்கலங்கள், 2013 ஒக்ரோபரில் தகர்க்கப்படும் வரை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருந்த நிலக்கீழ் மாளிகை. வென்றவர் வைத்த காட்சியில் ஆயுதமும் சிதைவும் உண்டு. அடுப்பும் பாயும் இல்லை.

ஊரிலேயே ஒரு காட்சிக்கு எளிய வழிகள் உள்ளன. கூட்டுறவுச் சங்க மண்டபமோ பாடசாலை மண்டபமோ போதும். மண்மூடையாய் மாறி எஞ்சிய சேலைத்துண்டு, ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் எழுத்துப் பொறித்த தறப்பாள், கிடுகு, தவணைப்பணக் கொப்பி, வீட்டுக்காரர் வரைந்த படம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கலாம். பொருளின் கீழ் எழுதும் குறிப்பில் வைத்திருந்தவர் பெயரோடு, அவர் விரும்பின், பின்னியவர், தைத்தவர், மண் குழைத்தவர் பெயர்களையும் எழுதலாம். இதற்குப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் மாணவரை அனுப்ப இயலும். தறப்பாள் வெயிலில் இற்றுப்போகும் பொருள். பல வீடுகளில் அது இப்போது விறகு மூடவும் நெல் காயப்போடவும் பயன்படுகிறது.