கேட்கும் வீடு – 9: முள்ளுக்கு ரயிலும் ஒன்றுதான்

திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. இரவில் மாடியறையில் எல்.பி. தட்டு ஓடிக்கொண்டிருக்கும். எம்.எஸ். ஆலாபனையை மெல்ல இறக்கி நிறுத்தும் இடத்தில், விருதுநகர் பக்கம் போகும் ரயில் கடக்கும். ஜன்னல் வழியே வரும் சத்தம் பழகிவிட்டது. பழகாதது, ஸ்பீக்கருக்குள்ளிருந்தே கிளம்பும் அடித்தொண்டை உறுமல். ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

சென்ற வாரம் அறையின் எதிரொலியைப் பார்த்தோம். இந்த வாரம் தரை வழியே ஏறிவரும் அதிர்வு.

மெல்லிய ஸ்வரங்களில் முள் பக்கவாட்டில் நகர்வது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அசைவை மின்சாரமாக்குவதுதான் முள்ளின் தலைப்பகுதி செய்யும் வேலை. ரயிலால் மாடித் தளம் சில மைக்ரான் அசைந்தால், அதையும் அதே அக்கறையோடு மாற்றிக் கொடுக்கும். எது பாட்டு, எது ரயில் என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

நீங்களே சோதிக்கலாம். சுழலாமல் நிற்கும் தட்டின்மேல் முள்ளை வையுங்கள். ஒலியைக் கொஞ்சமாகக் கூட்டி, மேசையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்டால், பாட்டு ஓடும்போதும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே அலமாரியில் வைத்தவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியே முள்ளுக்குத் திரும்பும். முள் அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒலியைக் கூட்டினால் ஊளையில் போய் முடியும். முதல் வைத்தியம் காசில்லாதது: இரண்டையும் பிரித்து வையுங்கள்.

அடுத்து நான் செய்தது, சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கருங்கல் பலகையைப் பிளேயருக்கு அடியில் போட்டது. 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம், எடை எட்டரைக் கிலோ. இவ்வளவு கனம் அசையாது என்று நம்பினேன். ரயில் வந்தது, உறுமலும் வந்தது.

மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரத்தருகே இருக்கும் இசைத்தூண்களை நினைத்திருந்தால் முன்பே புரிந்திருக்கும். ஒரே கல்லில் மெல்லிய தூண்களாகப் பிரித்துச் செதுக்கியவை. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் தரும். கருங்கல் அதிர்வை விழுங்குவதில்லை, ஏந்திக்கொண்டு ஒலிக்கும். சிற்பி அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். நமக்கோ அந்தக் குணம் அடங்க வேண்டும். அதற்குக் கனத்தின் கீழே மெத்தென்று ஒன்று வேண்டும்.

எவ்வளவு மெத்தென்று? பாரத்தில் 1 மி.மீ. மட்டுமே அமுங்கும் ஸ்பிரிங், நொடிக்குச் சுமார் 16 முறை ஆடும். 1 செ.மீ. அமுங்கினால் 5 முறை. அந்த எண்ணைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமான அதிர்வுகள்தான் மேலே ஏறாமல் குறையும். முள்ளைத் தாங்கும் கைக்கும் நொடிக்கு 8 முதல் 12 வரை சொந்த ஆட்டம் உண்டு; இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. ஆகவே 5-ஐ ஒட்டி இருப்பது நல்லது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் 1961-இல் கொண்டுவந்த ஏ.ஆர். பிளேயரில் சுழலும் தட்டும் முள் கையும் ஒரே சட்டத்தில் அமர்ந்து, அந்தச் சட்டம் ஸ்பிரிங்குகளில் நின்றது.

நம் வீட்டுக்குச் சைக்கிள் டியூப் போதும். குழந்தைகள் சைக்கிளின் சின்ன டியூப்பைக் கல்லுக்கடியில் வட்டமாகப் போட்டு, கல் மேசையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். இறுக அடித்தால் பயனில்லை. ரசமட்டம் வைத்துச் சமம் பாருங்கள். மாடியில் வைப்பவர்கள் தளத்தின் நடுவைத் தவிர்த்துச் சுவரோரமாக வையுங்கள்; அங்கே அசைவு குறைவு.

செல்போனுக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் இதெல்லாம் தேவையில்லை. அவற்றில் அசையும் முள் கிடையாது. உங்கள் காசு அங்கே போக வேண்டாம்.

1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ்.ஸின் தாயார் சண்முகவடிவு, வீணைக் கலைஞர். வீணையின் பலாமரக் குடம் அதிர்ந்தால்தான் நாதம். அந்த நாதத்தைத் திருப்பித் தரும் கருவியோ, தன்னுடையதாக எதையும் சேர்க்காமல் நிற்க வேண்டும். நேற்று இரவும் ரயில் கடந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊஃபர் அசையவில்லை, ஆலாபனை முடிந்த இடத்தில் அமைதி அப்படியே இருந்தது.

(அடுத்த வாரம்: ஸ்பீக்கர் பெட்டியின் பலகை)